கடைக்கண்ணாடிக் கால்

அறுபது அடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார் காமீல்.
கெண்டைக்காலை யாரோ ஈரத்துணியாய்ப் பிழிவார்களாம்.
ஆன்ட்வெர்ப்பில் இதற்குக்
கடைக்கண்ணாடிக் கால் என்று பெயர்.
வலிக்கிறதென்று தெருவுக்குச் சொல்லக் கூசி
ஏதோ வாங்க வந்தவர்போல்
கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் கால்.
"கல்யாண கவுன்களின் விலையெல்லாம் அத்துப்படி" என்றார்
மேசையில் படுத்ததும்.
"நானோ பிரம்மச்சாரி."

ஏழு கிலோ ஈயத்தை உடுத்திக்கொண்டு
அவருடைய இடது பாதத்தில் நாடியைத் தேடினேன்.
பேனா போன்ற கருவியில்
வெறும் இரைச்சல்.
இருக்கவேண்டிய இடத்தில் மையால்
ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தேன்.

டாக்டர் ஆனலீன் வலது தொடையிடுக்கில் நுழைந்தார்.
வயிற்றில் பெருங்குழாய் இரண்டாகப் பிரியும் முக்குவரை ஏறி
மறுபக்கம் இறங்கினார்.
திரையில் சாயம் பாய்ந்தது.
தொடை நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு
ஆறே இல்லை.
பக்கத்தில், யாரும் சொல்லாமலே
உடம்பு வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள்,
நூல் நூலாக, கோணல்மாணலாக.
இத்தனை நாள் காலைச் சாகவிடாதவை.

முப்பத்தோரு வருஷம்
ஸ்கெல்டே நதியில் கப்பல்களுக்கு வழி சொன்னவர் காமீல்.
இடுக்கை மட்டும்தான் மரக்கவைத்திருந்தோம்.
தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தவர்
"இடப்பக்கம் ஒடியுங்கள்" என்றார்.
"படத்தில் இடமும் வலமும் மாறியிருக்கும், ஐயா."
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

கம்பி அடைப்பில் முட்டியது. சுண்ணாம்பு.
தள்ளினால் வளைந்தது. திருகினால் வழுக்கியது.
மூன்றாவது தடவை சட்டென்று உள்ளே போனது.
ஆனலீன் முகம் மலரவில்லை.
இவ்வளவு சுலபமாகப் போகிறதென்றால்
வழியில் போகவில்லை.
கோட்டுக்கும் அதன் உள்துணிக்கும் நடுவே
மாட்டிக்கொண்ட கைபோல
ரத்தக்குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்குள் போயிருந்தது.
உருவி எடுத்தார்.
மணி பார்த்தேன், எண்பது நிமிஷம்.
இன்னும் எத்தனை மில்லி சாயத்தை
இவருடைய சிறுநீரகம் மன்னிக்கும் என்று
மனதில் கழித்துப் பார்த்தேன்.

"பனிமூட்டத்தில் நாங்கள் நங்கூரம் போட்டுவிடுவோம்"
என்றார் காமீல் கூரையைப் பார்த்து.
"உங்களுக்கு அந்த வசதி இல்லை போல."
யாரும் பதில் சொல்லவில்லை.

"மேல்தட்டு, கடைசிப் பெட்டி."
கிழித்தேன். என் ஒரு மாதச் சம்பளம் அந்தக் குழாய்,
ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு தடவை.
கைப்பிடியில் சின்னச் சக்கரம்.
கட்டைவிரல் அதை மயிரிழை நகர்த்தினால்
ஒரு முழத்துக்கு அப்பால், இருட்டுக்குள்
நுனி தலையைத் திருப்பும்.
உடனே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு.

திருப்பியது. அதிகம்.
மீண்டும் கொஞ்சம் இந்தப் பக்கம்.
ஆனலீன் மூச்சை விட்டதைக் கேட்டேன், இழுத்ததைக் கேட்கவில்லை.
குழாய் நடுவைப் பார்த்து நின்றது,
அதன் வாயிலிருந்து கம்பி கிளம்பியது.
இந்தத் தடவை தயங்கித் தயங்கி.
அதனால்தான் நம்பினோம்.
அடைப்பு தாண்டியதும் கம்பி நுனி
தன்னிஷ்டத்துக்குச் சுழன்றது.
இடம் இருக்கிற இடத்தில்தான்
எதுவும் அப்படிச் சுழலும்.

பிறகு பலூன், இரண்டு தடவை.
பெருக்கல் குறியில் பேனாவை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
அரை விரல் தள்ளி வைத்தேன்.
யாரோ கோணியை உதறுவதுபோல்,
உஷ்,
உஷ்.
குறியைத்தான் தப்பாகப் போட்டிருந்தேன்.
"அது நானா?" என்றார் காமீல்.

குழாய் மஞ்சள் தொட்டிக்குப் போனது,
கடைசியாகத் திருப்பிய பக்கமே
இன்னும் தலை சாய்த்தபடி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை
கல்யாணக் கடைக்கு முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தேன்.
வயிற்றில் புளி கரைய
டிராம் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன்.
"காலா?"
"சே, இல்லை" என்றார்,
கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"விலையைக் குறைத்திருக்கிறார்கள்."